மூக்கு நரைக்காத நாய்

எங்கள் பெண் நாயைக் கிராஸிங்குக்காகக் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் திருப்பதியில் அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மற்ற தடவைகளில் கேட்டைத் தொட்டாலே உள்ளேயிருந்து கனத்த குரைப்பு வரும். அந்தப் பெரிய மஞ்சள் லாப்ரடார் வராண்டாவில் வந்து நின்று, வாலை ஆட்டி அங்கிருக்கும் செருப்புகளையெல்லாம் கலைத்துவிடும். அதன் பின்னால்தான் வீட்டுக்காரர் வருவார். அன்றைக்கு நாய் வரவில்லை. அவர் மட்டும் வந்து கேட்டைப் பாதி திறந்தார்.

"ரண்டம்மா, ரண்டி, வாங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க. இவள நான் பின்னாடி கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, எங்கள் நாயின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நாங்களும் வர்றோம் சார். இவ புது இடம்னா பயப்படுவா" என்றேன்.

"இது புது இடமா அவளுக்கு? இப்ப எங்க நான்னாவுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தியா ஆயிடுச்சு. ஆளுங்க இருந்தா சீறறான். வேணாம்மா."

அவர் தெலுங்குக்காரர். வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சுவது போல நாயை 'நான்னா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம் என்பதால் முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாய் யார்மீதும் சீறி நான் பார்த்ததே இல்லை. அவருடைய மனைவி மற்ற தடவைகளில் நாங்கள் உட்காருவதற்குள் காபியோடு வந்துவிடுவார். அன்று சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதே தவிர, அவர் வெளியே வரவில்லை.

நான் எழுந்து வராண்டாவின் ஓரத்துக்குப் போனேன். பக்கச் சந்து வழியாகக் கொல்லையில் ஒரு துண்டு தெரியும். ஒரு கணம் ஆண் நாயின் முகம் தெரிந்தது. அதே நிறம், அதே அகலமான தலை. ஆனால் போன தடவை பார்த்தபோது மூக்கைச் சுற்றியும் கண்ணுக்கு மேலும் வெள்ளை படர்ந்திருந்தது. படியேறும்போது பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும். இந்த நாயின் முகத்தில் ஒரு நரைகூட இல்லை. துள்ளித் துள்ளி நடந்தது.

எல்லாம் முடிந்து அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"மூக்கெல்லாம் வெள்ளையா இருந்ததே சார்?"

"மீன் எண்ணெய் குடுக்கறேன்மா. முடி பழைய நிறத்துக்குத் திரும்பிடுச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை நீட்டினார்.

நாங்கள் புத்தூரில் இருக்கிறோம். கணவர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அது மூடப்பட்ட பிறகு வீட்டோடு இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் சித்தூரில் இருந்த என் அண்ணனுக்கு ஐதராபாத்துக்கு மாற்றலாகி, அவன் வளர்த்த லாப்ரடார் பெண் குட்டியை எங்களிடம் விட்டுப் போனான். அவளுக்குக் குட்டி போட வைத்து விற்கலாமே என்று முதலில் சொன்னது கணவர்தான். எனக்கு அது பிடித்துப்போனது. பிரசவம் பார்ப்பது, குட்டிகளுக்குக் கண் திறக்கும் நாளுக்காகக் காத்திருப்பது, எது முதலில் தட்டைத் தேடி வருகிறது என்று பார்ப்பது எல்லாமே பிடித்தது. முதல் ஈத்திலேயே ஒரு பெண் குட்டியை நாங்களே வைத்துக்கொண்டோம். அதன் பிறகு தாயைப் பெரியவள் என்றும் மகளைச் சின்னவள் என்றும் சொல்ல ஆரம்பித்தோம். சர்ச்சில் எனக்கு 'நாய்க்கார அக்கா' என்று பெயர் வந்துவிட்டது.

இந்தத் தொழிலில் யாரும் யாரையும் நம்புவதில்லை. வாங்க வருகிறவர்கள் குட்டியின் காதைப் பிடித்து விரித்து, வாயைத் திறந்து பார்த்து, "நெஜமாலுமே அசல்தானா, தெரு நாய் ஏதாவது கலந்துகீதா?" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். நாங்களும் வருகிறவர்களை நம்புவதில்லை. வளர்ப்பதற்கா, கூண்டில் போட்டுக் குட்டி எடுப்பதற்கா என்று சுற்றி வளைத்து விசாரிப்போம். இத்தனைக்கும் நடுவில் நான் முழுதாக நம்பிய ஒரே ஆள் திருப்பதிக்காரர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் நாயைக் கிராஸிங்குக்கு விடுவதற்குப் பணமாக வாங்க மாட்டார். பிறக்கிற குட்டிகளில் ஒன்றை அவரே வந்து பொறுக்கி எடுத்துக்கொள்வார். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான்.

முதல் ஈத்துக் குட்டிகளில் ஓர் ஆண் குட்டியின் வால் இரும்பு கேட்டில் மாட்டி நசுங்கிவிட்டது. கை கால் முறிந்தவர்களை எங்கெங்கிருந்தோ கார் பிடித்துக் கட்டுப் போடக் கூட்டி வரும் ஊர் எங்களுடையது. நாய்க்குட்டியின் வாலுக்குக் கட்டுப் போடச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? நானே ஐஸ் குச்சியை வைத்து, பழைய துணியைக் கிழித்துக் கட்டினேன். வலி போய்விட்டது. ஆனால் வால் நுனிக்குக் கொஞ்சம் மேலே எலும்பு கோணலாகக் கூடி, ஒரு முடிச்சு நின்றுவிட்டது. மேலே முடி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தடவினால் தெரியும். அதைச் சொல்லி, "வேற நல்ல குட்டியா எடுத்துக்கங்க சார்" என்றேன். அவர் கேட்கவில்லை.

"இவன் மூஞ்சப் பாருங்கம்மா. அப்படியே என் நான்னா."

அந்தக் குட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனார். பெங்களூரில் இருக்கும் மகனுக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

இரண்டாவது ஈத்துக்கும் அவரிடமே போனோம். குட்டிகள் நன்றாகப் பிறந்தன. அதன் பிறகு பெரியவளுக்கு நல்ல ஓய்வு கொடுத்துவிட்டு, மூன்றாவதாகப் போனதுதான் நான் முதலில் சொன்ன அந்த நாள்.

திரும்பி வரும்போது ரயில் ரேணிகுண்டாவைத் தாண்டியிருந்தது. பெரியவள் சீட்டுக்கடியில் படுத்திருந்தாள்.

"அது எப்படிங்க, அந்த நாய்க்கு மட்டும் வயசு கொறைஞ்சிக்கினே போவுது?" என்றேன்.

கணவர் சிரித்தார். "சாயம் அடிச்சிருப்பாரு, வுடு மே. மனுசங்களே அடிச்சிக்கிறாங்க."

"வேற நாயா இருந்தா?"

"வேற நாய்க்கு எங்க போவாரு? அச்சு அசலா அதே மூஞ்சி. நீ எதையாவது நெனச்சிக்கினு கெடக்காத."

அச்சு அசலாக அதே முகம் என்பதுதான் எனக்கும் இடித்தது. ஆனால் அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. மீன் எண்ணெய்க்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறதோ என்று போனில் தேடிப் பார்த்தேன். இருக்கிறது என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள்.

பெரியவள் குட்டி போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ஆராதனைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில். கட்டின புடவையோடு உட்கார்ந்துவிட்டேன். முதல் குட்டிக்கு உயிர் இல்லை. துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்து வந்தவை எல்லாம் சிறியவை. ஒன்றின் கீழ்த்தாடை உள்ளே போயிருந்தது. கடைசியாகப் பிறந்த பெண் குட்டி பாலை உறிஞ்சியதும் அது மூக்கு வழியாக வெளியே வந்தது. வாயைத் திறந்து பார்த்தபோது மேல் அண்ணம் நடுவில் பிளந்திருந்தது.

மறுநாளே தாயையும் குட்டிகளையும் திருப்பதியில் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் ஒவ்வொரு குட்டியாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"அப்பா நாயும் அம்மா நாயும் ஒரே ரத்தமா?"

"இல்லைங்க மேடம்."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"வேற காரணத்தாலயும் இப்படி ஆகலாம். மருந்து, சாப்பாடு, எதுவா வேணா இருக்கலாம். ஆனா ஒரே வயித்துல இத்தனைன்னா நாங்க கேக்கத்தான் செய்வோம்" என்றார்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். பின்பக்கத்து மாந்தோப்பில் மருந்து அடித்தார்களே, அந்தக் காற்று இவள்மேல் பட்டிருக்குமா? தோப்புக்காரரைக் கேட்டேன். "மாமரத்துக்கு அடிச்ச மருந்து உன் நாய் வயித்துல எப்படிம்மா போவும்?" என்று கோபித்துக்கொண்டார். தீனி விற்கும் கடையில், பழைய மூட்டையைப் புதிது என்று கொடுத்தீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கடைசியில் கணவர்மீதும் வந்தது. திருப்பதிக்குப் போன அன்று அவர் குடையை மறந்துவிட்டேன் என்று தெருமுனையில் இருந்து அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனார். நானும் பெரியவளும் ஆட்டோவில் காத்திருந்தோம். குடை எடுக்கவா அவ்வளவு நேரம்? அவருக்கு முன்பே ஏதாவது தெரிந்திருக்குமா? ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கி கொடைய எடுக்கப் போனீங்களே, அவர்கிட்ட இன்னா பேசினீங்க அவ்ளோ நேரம்?"

அவர் தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டார். "அடுத்த ரயிலு எப்போன்னு கேட்டேன். ரயில்வேல இருந்தவராச்சே. இன்னா மே உனுக்கு? வூட்ல துன்ற சோத்துலகூட போலீசு மாதிரி கேக்கற?"

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்று முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணம் பிளந்த குட்டிக்குச் சொட்டு சொட்டாகப் பால் விட்டேன். டாக்டரம்மா காட்டிக் கொடுத்தபடி சின்னக் குழாய் வைத்தும் ஊட்டினேன். என் உள்ளங்கைச் சூட்டில் தூங்கும். மற்ற குட்டிகள் ஏறி மிதித்தால்கூடச் சத்தம் போடாது. பாலோடு மூச்சுக்குழாயில் ஏதோ இறங்கிவிட்டது போல. ஒரு மத்தியானம் என் மடியிலேயே போய்விட்டது. பெரியவள் வந்து முகர்ந்து பார்த்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு போகும்போது கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

திருப்பதிக்காரருக்குக் குட்டிகளின் படங்களை அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது, பதில் இல்லை. பலமுறை கூப்பிட்ட பிறகு ஒரே ஒரு தடவை எடுத்தார்.

"பாத்தேன்மா, பாத்தேன். எல்லாம் தேவுடு பாத்துக்குவார்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த மூன்று குட்டிகளும் கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த பிறகு, கணவரைக் குட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு நான் மட்டும் திருப்பதிக்குப் போனேன். முன்னதாகப் போன் செய்யவில்லை. சொல்லிவிட்டுப் போனால் நாய் இருக்காது என்று தோன்றியது.

அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீங்களா... லோபலிக்கி ரண்டி, உள்ள வாங்க. அவர் கொண்டைக்கு, மலைக் கோயிலுக்குப் போயிருக்காரு."

"இருக்கட்டுங்கம்மா. நான் நாயத்தான் பாக்க வந்தேன்."

அவர் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.

நாய் ஓடி வந்தது. சீறவில்லை. என் முழங்காலில் தலையை வைத்து இடித்தது, புடவையை நக்கியது. மூக்கும் வாயோரமும் இளசாக இருந்தன. நான் குனிந்து அதன் முதுகைத் தடவினேன். கையை அப்படியே வால்வரை கொண்டுபோனேன். நுனிக்குக் கொஞ்சம் மேலே, முடிக்குள், அந்த முடிச்சு தட்டுப்பட்டது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாய் அதை விளையாட்டு என்று நினைத்து என்மேல் ஏறியது. பெற்ற தாயிடமே மகனை விட்டிருக்கிறார்கள். இவன் பிறந்தபோது பையைக் கிழித்து மூச்சு வரவைத்ததும் நான்தான், அன்றைக்குப் பெரியவளைக் கயிற்றோடு கூட்டி வந்ததும் நான்தான்.

"பெரியவன் போயிட்டான்மா" என்றார் அந்த அம்மா. "உண்ணிக் காய்ச்சல். போன மழைக்கு முன்னாலயே. எங்க தம்பி கழனியில பொதைச்சோம். இவர் எத்தனையோ நாள் சோறு சரியா சாப்பிடல. அப்பதான் பெங்களூர்ல அபார்ட்மென்ட்ல நாய் கூடாதுன்னு சொல்லி, பையன் இவனத் திருப்பிக் கொண்டாந்து விட்டான். இவனப் பாத்த உடனே அவர் 'நான்னா'ன்னு கூப்பிட்டாரு. அன்னையில இருந்து அந்தப் பேருதான்."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நான் வத்து, வேணாம்னு செப்பினேன். அந்த நாய் வேணாம், அது இவனுக்குத் தல்லி, பெத்த தாய்னு சொன்னேன். கேக்கல. அதனாலதான் அன்னைக்கி நான் வெளிய வரல. உங்க முகத்துல எப்படி முழிக்கறது?"

அவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் மொட்டை அடித்த தலையோடு, கையில் பிரசாதப் பையோடு உள்ளே வந்தார். நான் தரையில் உட்கார்ந்திருப்பதையும் நாய் என் மடியில் கிடப்பதையும் பார்த்தார். பையை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பம்மா வந்தீங்க?"

"வால தொட்டுப் பாத்துட்டேன் சார்" என்றேன்.

அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"எல்லாரும் போன்ல கேப்பாங்க, உங்க நாய் நல்லா இருக்கானான்னு. இருக்கான்னு சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்னதுக்கு அப்புறம் செத்துட்டான்னு வாய் வரலம்மா."

"மத்தவங்களுக்குச் சொல்லலன்னா பரவாயில்ல சார். நான் கிராஸிங்குக்குக் கூப்பிட்டப்ப சொல்லியிருக்கணுமா இல்லையா? அவ இவன பெத்தவ."

"நாய்ங்களுக்கு அதெல்லாம் ஏதும்மா..." என்று ஆரம்பித்தார். அவருடைய மனைவி தெலுங்கில் ஒரே ஒரு சொல் சொன்னார். அது என் காதில் சரியாக விழவில்லை, ஆனால் அவர் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு குட்டி செத்துப்போச்சு. ஒன்னு என் மடியில" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் எழுந்துகொண்டேன்.

வாசல் வரை வந்தார். "தப்புதாம்மா" என்றார். "இவனுக்கு ஆபரேஷன் பண்ணிடறேன். இனிமே யாருக்கும் விட மாட்டேன்." லட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

அவர் செய்தது துக்கத்தினாலா, அடுத்த குட்டிக்கான ஆசையினாலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் துக்கம் என்று தோன்றும். மறுநாள், துக்கப்படுகிறவன் நாயைக் கொல்லையில் ஒளித்து வைத்து, மீன் எண்ணெய்க் கதை சொல்வானா என்று தோன்றும். சில வாரங்கள் கழித்து, கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிய நாயின் படத்தை எனக்கு அனுப்பினார். ஆபரேஷன் முடிந்தது என்று கீழே எழுதியிருந்தார். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தேன். அதே நாய்தானா என்று படத்தில் எப்படித் தெரியும்?

பெரியவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்னார் டாக்டரம்மா. எடுத்துவிட்டோம். அந்த வாரத்திலேயே கணவர் ஒரு யோசனையோடு கடையில் இருந்து வந்தார்.

"சித்தூர்ல ஒரு ஆளுகிட்ட சூப்பரா ஒரு ஆண் நாய் கீதாம். சின்னவளுக்குப் பாக்கலாம். இந்த வாட்டி எல்லாத்தையும் நல்லா விசாரிச்சிக்கலாம்."

"வேணாங்க."

"எல்லாரும் அவர மாதிரியே இருப்பாங்களா மே?"

"இருக்க மாட்டாங்க. ஆனா நான் அப்படித்தான் பார்ப்பேன். இப்ப எந்த நாயைப் பாத்தாலும் இது யாரு பெத்ததோ, நெஜமா எங்கருந்து வந்ததோன்னுதான் ஓடுது. பொறக்கப் போற குட்டியக் கையில வெச்சிக்கினு அதும் மூஞ்சில பொய்யத் தேடிக்கினு இருக்கணுமா? அத்த என்னால பண்ண முடியாது. கொஞ்ச நாளு நிறுத்தி வைக்கலாம்."

"கொஞ்ச நாளுன்னா?"

"தெரியல. என் மனசு சரியாவட்டும். அப்ப சொல்றேன்."

அவர் விவாதம் செய்யவில்லை. குடையைப் பற்றி நான் கேட்டது அவருக்கு மறந்திருக்காது என்று நினைக்கிறேன். "சரி, நீதான பாக்கற அதுங்கள. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

இருந்த மூன்று குட்டிகளைப் பற்றி வந்தவர்கள் எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன். தாய்க்கும் மகனுக்கும் பிறந்தவை, வளர்ந்ததும் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், குட்டி எடுக்கக் கூடாது என்றேன். பாதிக் கதையிலேயே எழுந்து போனவர்கள் உண்டு. கடைசியில் ஒன்றை ஆராதனை நடத்தும் எங்கள் சபை ஐயர் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு குடும்பத்துக்குப் போனது. தாடை கோணலான குட்டியை யாரும் கேட்கவில்லை. அது எங்களிடமே இருந்துவிட்டது.

நிறுத்திவிட்டோம் என்று சொன்னதும் ஜனங்கள் நம்பவில்லை என்பதுதான் நான் எதிர்பார்க்காதது. சர்ச் வளாகத்தில் ஓர் அக்கா என்னை ஓரமாக இழுத்து, "உங்க வூட்டு நாய்ங்களுக்கு ஏதோ ஒட்டிக்கிற நோவாமே, நெஜமா?" என்று கேட்டார். கணவரின் கடையில், "வெல ஏத்தறதுக்குத்தான உங்க வூட்டம்மா இல்லன்னு சொல்லுது?" என்று கேட்டிருக்கிறார்கள். தீனிக் கடைக்காரர் நான் வேறு கடையில் வாங்குகிறேன் என்று முடிவு செய்துவிட்டார். நான் எல்லோரையும் பார்த்த அதே பார்வையால் இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நகரியில் தறி வைத்திருக்கும் ஒருவர் மூன்று தடவை போன் செய்துவிட்டு, நான்காவதாக நேரிலேயே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, சுவருக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தார்.

"குட்டி கீதுன்னு சொல்றாங்களேம்மா."

"இல்லைங்கண்ணா. நிறுத்தி வெச்சிக்கீறோம்."

"சத்தம் கேக்குதே உள்ள?"

உண்மைதான். கோணல் தாடைக்காரி உள்ளே ஊளையிட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டைத் திறந்தேன். "நீங்களே வந்து பாருங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குட்டிகளுக்காக ஒதுக்கியிருந்த அறையை எட்டிப் பார்த்தார். இப்போது அங்கே பாய்கள் விரித்து, சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிறார்கள். பலகையில் முந்தின நாள் போட்ட வகுத்தல் கணக்கு அழியாமல் இருந்தது. கோணல் தாடைக்காரி ஓடி வந்து அவர் வேட்டியை இழுத்தாள். அவர் குனிந்து அவள் வாயைப் பார்த்தார்.

"இதுவா?"

"இது மட்டும்தாங்க."

"நல்லதுங்கள எல்லாம் எங்க வெச்சிக்கீறீங்க?" என்று கேட்டார். மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, தானும் லேசாகச் சிரித்தார். ஆனாலும் போகிற வழியில் குளியலறைக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"எப்ப ஆரம்பிச்சாலும் மொத போனு எனக்குத்தான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

"ஆரம்பிச்சா பாக்கலாங்கண்ணா" என்றேன்.

அந்த வாரம் சின்னவளுக்குப் பருவம் வந்திருந்தது. தெருவில் இருக்கும் ஆண் நாய்களெல்லாம் எங்கள் சுற்றுச்சுவரோரம் வந்து படுத்துக்கொண்டன. நானும் கணவரும் முறை வைத்துக்கொண்டு விரட்டினோம். நகரிக்காரரின் வண்டி திரும்பியதும், சாம்பல் நிறத்தில் ஒரு கிழ நாய் கேட் பக்கம் வந்து நின்றது. நான் வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். உடம்பை உதறிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தது. கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். சின்னவளை உள்ளே கட்டிவிட்டு வந்து, பிள்ளைகள் வருவதற்குள் பலகையைத் துடைத்தேன்.